மீதி ஒருவர்

வாங்க, படி பாத்து ஏறுங்க, ஜன்னலோரமே உக்காருங்க. வண்டி கிளம்ப நேரமிருக்குதுங்க, கண்டக்டர் டீக்குடிக்கப் போயிருக்கறாரு, டிரைவர் அந்த வேப்பமரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்திருக்கறாரு, அவிய வர்ற வரைக்கும் நாம பேசிட்டிருக்கலாம். என்ற பேரு துளசிமணி. அதோ மஞ்சச் சுவரு தெரியுது பாருங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல இருபத்திரண்டு வருசமா சத்துணவு ஆக்கறவ. எங்க கரட்டுப்புதூருக்கு நீங்க புதுசுன்னு முகத்துலயே எழுதியிருக்குது. அதனால எங்கூருக்குக் கணக்கு வந்த கதையை ஆதியில இருந்து சொல்லிப்போடறேன், நடுவுல கேள்வி கேக்காதீங்க, எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துரும்.

முதல்ல லாபத்தைப் பத்திச் சொல்லோணும். வண்டி நிக்கற இந்த வாசலுக்கு உள்ள இருக்கறது தேங்காக் களம், சுத்துப்பட்டு தோப்புக் காயெல்லாம் இங்க வந்துதான் குமியும், குமிஞ்சதை எண்ணித்தான் லாரியில ஏத்துவாங்க. எண்ணறவிய ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. லாபம், ரெண்டு, மூணு, நாலுன்னுதான் போகும். ஒண்ணுன்னு வாயத் தொறந்தா அதோட நின்னு போயிருமாம், லாபம்னு தொடங்கினா பெருகுமாம், யாரு சொல்லி வெச்சாங்களோ தெரியாது. களத்துல ஆரம்பிச்ச பழக்கம் ஊருக்கே தொத்திக்கிச்சு. இட்லி வெச்சாலும் லாபம், ரெண்டு. படி ஏறினாலும் லாபம், ரெண்டு. எங்கூருப் புள்ளைங்க ஒண்ணாங் கிளாஸ்ல சேந்தா வாத்தியாருக்கு மூணு மாசம் இதோடயே மல்லுக்கட்டுத்தான்.

களத்துல எண்ணறவிய அத்தனை பேரும் ஆம்பளைங்க, ஒருத்தியத் தவிர. அவ மயிலாத்தா. புருசன் மரத்துல இருந்து விழுந்து போய்ச் சேந்த பொறகு களத்துல எண்ணற வேலையை இவ எடுத்துக்கிட்டா. லாபம் லாபம், ரெண்டே ரெண்டு, மூணே மூணுன்னு அவ ராகம் போட்டு எண்ண ஆரம்பிச்சா லாரி டிரைவருங்க பாட்டை நிறுத்திட்டுக் கேப்பாங்க, மூவாயிரம் காய் எண்ணினாலும் ஒரு காய் பிசகாது. எண்ணறப்ப மட்டும் அவகிட்ட யாரும் பேசக்கூடாது, பேசினா எண்ணிக்கை விட்டுப்போகும், விட்டுப்போனா மறுபடி லாபத்துல இருந்து வரோணும், அது களத்துச் சட்டம்.

அவளுக்கு ஒரே மக, கோகிலவாணி, பன்னெண்டாவது முடிச்சிருந்துது. ஒரு நாள் காலைல பத்தரை மணிக்கு அந்தப் புள்ள தலையில கனகாம்பரம் வெச்சு, கையில ஒரு ஃபைலைப் புடிச்சுக்கிட்டுக் களத்துக்கு வந்து "அம்மா"ன்னு கூப்பிட்டுது. மயிலாத்தா ஆயிரத்தி நானூறுல இருந்தா. இருன்னு கையக் காட்டினா. புள்ள சித்தெ நேரம் நின்னு "அம்மா, ஒரு வார்த்தை"ன்னுது. மறுபடியும் கையக் காட்டினா. மூவாயிரத்தை முடிச்சு இடுப்பை நிமித்திப் பாத்தப்ப புள்ளையக் காணோம், பதினொரு மணி பஸ்ஸு களத்து வாசல்ல நின்னு கிளம்பிப் போயிருந்துது. அதுக்குப் பொறகு கோகிலவாணி ஊருக்குத் திரும்பி வரவே இல்லீங்க.

தேடாத இடமில்லை, கேக்காத ஆளில்லை. எவன்கூடயோ போயிட்டான்னு ஊர்ல முதல்ல சொன்ன வாய் எது தெரியுங்களா, இந்த வாய்தான். பருப்பு வேகற நேரத்துல நாலு பேருகிட்டச் சொன்னேன், சோறு வடிக்கிறதுக்குள்ள ஊரே பேசுச்சு. மயிலாத்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சண்டைக்கு வரலை. "போனது போவுட்டும் துளசியக்கா, என்ன சொல்ல வந்தான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்"னா. ஒன்பது வருசம் இதையே கேட்டா, கோயில்ல கேட்டா, குறி சொல்றவங்ககிட்டக் கேட்டா, மத்த நேரமெல்லாம் தேங்கா எண்ணினா.

ஒன்பதாவது வருசம் ஆவணி மாசத்துலதான் கணக்கு வந்துது. செவ்வாக்கெழமை காலைல நான் அடுப்புப் பத்த வெக்கறேன், பள்ளிக்கூட வாசல்ல ஒரு மனுசன் மூட்டையோட நிக்கறாரு. யாருங்கன்னு கேட்டேன். "ஒரு வியாபாரி"ன்னாரு. பேரு என்னங்கன்னேன். "ஒரு வியாபாரிதாங்க." எந்த ஊருன்னேன். "கணக்குல சொல்லலீங்க"ன்னாரு பாவம், சொல்லியிருந்தாச் சொல்லியிருப்பாரு. மூணாங் கிளாஸ் கணக்குப் புத்தகத்துல முந்தின நாள் புரட்டின பக்கத்துல இருந்து அவரு வந்திருந்தாரு. அறுபது தேங்கா வாங்கினேன், பன்னெண்டு அழுகிப்போச்சு, மீதியை நாலு பேருக்குச் சமமாப் பிரிச்சுக் கொடுக்கோணும், ஆளுக்கு எத்தனைன்னு தெரியாம நிக்கறேன்னாரு.

இதுல ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமேது. தேங்கான்னு வந்துட்டா அது எங்கூரு வேலை. களத்துக்குக் கூட்டிட்டுப் போயி, அறுபது காயைக் கொட்டி, அழுகினதை ஒதுக்கி, மீந்த நாப்பத்தி எட்டை நாலு குமியா வெச்சோம். குமிக்குப் பன்னெண்டுன்னோம். மனுசன் நகரலை. "பன்னெண்டு என்னதுங்க?"ன்னாரு. "பன்னெண்டு தேங்காய்ங்க"ன்னு முழுசாச் சொன்ன பொறகுதான் முகம் மலர்ந்து, கும்பிடு போட்டுட்டு, ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து போயிக் காத்துல கலந்த மாதிரி இல்லாமப் போனாரு. கணக்குத் தீந்த மனுசன் முகத்தை அன்னைக்குத்தான் முதல் முதல்ல பாத்தேன்.

பொறகு வரிசை வரிசையா வந்தாங்க. மூணு டசன் முட்டையோட ஒரு பொம்பளை வந்தா, அஞ்சு முட்டை உடைஞ்சுதுன்னு கணக்கு. அதை ஒருக்கா வாசிச்சா அஞ்சு உடையும், புரியலைன்னு திருப்பி வாசிச்சா மறுபடி அஞ்சு உடையும், என்ற சத்துணவுக் கூடம் பூரா முட்டை. அப்பத்தான் எங்கூருக்காரங்க ஒரு கணக்கை ஒரே தடவை, காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கப் பழகினாங்க. எலக்ட்ரீசியன் தங்கவேலு ஒரு நாள் ஒரு பெரியவரு கொண்டாந்த கணக்குல நடுவுல ஒரு படியைத் தாண்டி, செல்போன்ல தட்டிச் சட்டுன்னு விடையைச் சொன்னான். அந்தப் பெரியவரு விடையை வாங்கிட்டு நொண்டிக்கிட்டே போனாரு, அதைப் பாத்ததுல இருந்து எவனும் படியைத் தாண்டறதில்லை. என்ன கொடுத்திருக்குது, என்ன கேக்குது, கூட்டறதா கழிக்கிறதா, அப்படித்தான் நிதானமாப் போவோம். டீக்கடை பரமேசு கணக்குக்காரங்களுக்குத் தனியா டம்ளர் வாங்கி வெச்சான், காத்திருக்கறவங்களுக்கு நான் ரசஞ்சோறு போட்டேன், மயிலாத்தா மட்டும் எந்தக் கணக்குக்கும் வெளிய வரலை.

புரட்டாசி பொறந்து ரெண்டாவது வாரம், ஒரு புதன்கெழமை, பள்ளிக்கூடத்து மரியசூசை சார் பயிற்சிக்குப் போயிருந்தாரு. அவரு தூத்துக்குடிப் பக்கத்துக்காரரு, எட்டு வருசம் இருந்தும் எங்கூருப் பேச்சு அவரு நாக்குல ஏறலை, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. காலைல இருந்தே கோயில் முன்னாடி அஞ்சு பேரும் டீக்கடை முன்னாடி ரெண்டு பேரும் பேரில்லாத மனுசங்க நின்னுட்டிருந்தாங்க. பத்து மணிக்கு வளைவுல ஆரன் சத்தம் கேட்டுது. பச்சை பெயிண்டு பஸ்ஸு, போர்டுல ஊரு பேரு கிடையாது. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே பஸ்ஸுதான்.

கண்டக்டர் எறங்கி நின்னு கணக்கைச் சொன்னாரு. "முப்பது பயணிகளோட கிளம்பினோமுங்க. முதல் நிறுத்தத்துல பன்னெண்டு பேர் இறங்கினாங்க, அஞ்சு பேர் ஏறினாங்க. ரெண்டாவது நிறுத்தத்துல ஒன்பது பேர் இறங்கினாங்க, ரெண்டு பேர் ஏறினாங்க. மூணாவது நிறுத்தத்துல பதினஞ்சு பேர் இறங்கினாங்க. இப்பப் பேருந்துல எத்தனை பேர்?" ஊரே கூடிப்போச்சு. இத்தனை பெரிய கணக்கு எங்களுக்கு அதுவரைக்கும் வந்ததில்லை.

கோயில்கிட்ட பன்னெண்டு பேர் எறங்கினாங்க, முப்பதுல பன்னெண்டு போக பதினெட்டுன்னோம். காத்திருந்த அஞ்சு பேர் ஏறினாங்க, இருபத்தி மூணுன்னோம். சொன்ன உடனே பஸ்ஸு தானா உருண்டு டீக்கடை முன்னாடி போயி நின்னுது, நாங்க கூடவே நடந்தோம். ஒன்பது பேர் எறங்க பதினாலு, ரெண்டு பேர் ஏற பதினாறு, மறுபடியும் உருண்டுது, களத்து வாசல்ல வந்து நின்னுது. பதினஞ்சு பேரு வரிசையா எறங்கி, எங்களைப் பாத்துச் சிரிச்சு, வளைவைப் பாத்து நடந்தாங்க. பதினாறுல பதினஞ்சு போனா மீதி என்ன, ஊரே ஒரே குரல்ல சொல்லுச்சு. "லாபம்."

பஸ்ஸு அசையலை. கண்டக்டர் தலையைச் சொறிஞ்சாரு. "அப்படி ஒரு எண் எங்க பாடத்துல இல்லீங்களே"ன்னாரு. நாங்களும் விடலை. "லாபம் பயணி"ன்னு அலகு சேத்துச் சொல்லிப் பாத்தோம். "லாபம் பேரு"ன்னோம். ம்ஹும். ஒண்ணுங்கற வார்த்தை எங்க ஒருத்தர் வாய்க்கும் வரலீங்க, கும்பிடற சாமி மேல ஆணையா வரலை. அந்தப் பழக்கத்துக்கு இன்னைக்கும் நான் தினம் ஒரு கும்பிடு போடறேன்.

ஏன்னா உள்ள களத்துல மயிலாத்தா ரெண்டாயிரத்தி நூத்தி அறுபதுல இருந்தா. வாசல்ல நாப்பது பேரு லாபம் லாபம்னு கத்தவும் அவ எண்ணிக்கை விட்டுப்போச்சு. இத்தனை வருசத்துல விடாத எண்ணிக்கை. எவன்டா அவன் என்ற வாசல்ல புதுசா எண்ண ஆரம்பிக்கிறதுன்னு திட்டிக்கிட்டே, கையில ஒரு தேங்காயோட வெளிய வந்தா. வந்தவ பஸ்ஸைப் பாத்தா. பின்னாடி இருந்து மூணாவது ஜன்னல்ல, மீந்த அந்த ஒரு ஆளைப் பாத்தா. தேங்கா கீழ விழுந்து உருண்டு என்ற காலுகிட்ட வந்து நின்னுது.

கோகிலவாணி. ஒன்பது வருசம் முன்னாடி போனபடிக்கே, அதே பதினெட்டு வயசு, மடியில அதே ஃபைலு, தலையில வெச்ச கனகாம்பரம் ஒரு இதழ் கூட வாடலை. "எண்ணி முடிச்சிட்டியாம்மா?"ன்னு கேட்டுது. அதுக்கு அப்பத்தான் பஸ் ஏறின மாதிரி இருக்குது. எந்தப் பஸ்ஸு எப்பக் கணக்குக்குள்ள போச்சு, யாரு எழுதினதுன்னு எல்லாம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் தோணலை. மயிலாத்தா ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு "எறங்கு கண்ணு, எறங்கு"ன்னா. "எறங்க முடியலைம்மா, நான் மீதி"ன்னுது புள்ள. கண்டக்டரும் ஆமாங்கன்னாரு. விடை சொன்னா மீதியோட வண்டி போயிரும், சொல்லாட்டி இங்கயே நிக்கும், கணக்கு அவ்வளவுதானுங்கன்னாரு.

அந்த நேரம் பாத்து மரியசூசை சார் டிவிஎஸ்ல வந்து எறங்கறாரு. கூட்டத்தைப் பாத்தாரு, கணக்கைக் கேட்டாரு, கண்ணை மூடி மனசுக்குள்ளயே போட்டுட்டாரு, அவருக்கு எந்த லாபமும் தடுக்காது. "இது சுலபந்தானே, விடை..."ன்னு வாயத் தொறந்தாரு. அதைப் பாத்துட்டா மயிலாத்தா. ஒரே தாவுல பஸ்ஸு படியில கால வெச்சு ஏறிட்டா. நான் வெங்காயம் அரிஞ்ச கையோட சாரு வாயப் பொத்தினேன். ஒரு வாத்தியாரைத் தொடலாமா கூடாதான்னு எல்லாம் யோசிக்கலை.

கண்டக்டர் பீப்பி ஊதினாரு. "ஒருவர் ஏறினார்"னு சொல்லிப்போட்டு முழிச்சாரு. தங்கவேலு கேட்டான், இப்படி நடுவுல ஏறலாமுங்களான்னு. "படி இருக்குது, வண்டி நிக்குது. ஏறக் கூடாதுன்னு கணக்குல எழுதலீங்க"ன்னாரு. மயிலாத்தா மக பக்கத்துல உக்காரலை, கட்டிப் புடிக்கலை, அழுகலை. களத்துல எண்ணறப்ப இருக்கற மாதிரியே முகத்தை வெச்சுக்கிட்டு கண்டக்டரைக் கேட்டா. "ஏனுங்க, மீதின்னு சொல்றீங்களே, அது யாருன்னு பேரு போட்டிருக்குதுங்களா?"

கண்டக்டர் பையில இருந்து காயிதத்தை எடுத்து மேலயும் கீழயும் பாத்தாரு. "பேரு போடலீங்க"ன்னாரு. "எண்ணிக்கை மட்டுந்தான்."

"அப்ப ஒருவர் ஏறினார். ஒருவர் இறங்கினார்"னா மயிலாத்தா. மக கையப் புடிச்சு எழுப்பி, படி வரைக்கும் கூட்டிட்டு வந்து, கீழ விட்டா. புள்ள கால் எங்கூரு மண்ணுல பட்டுது. பட்ட உடனே அந்தக் கனகாம்பரம் பூரா வாடி உதுந்து போச்சு. மயிலாத்தா போயி அதே ஜன்னல்ல, அதே சீட்டுல உக்காந்துக்கிட்டா. பதினாறுல பதினஞ்சு போயி, ஒருத்தி ஏறி, ஒருத்தி எறங்கி, கணக்குல ஒரு பிசகும் இல்லை. மரியசூசை சாரு கையெடுத்துக் கும்பிட்டாரு.

"இப்பச் சொல்லு கண்ணு. அன்னைக்கு என்ன சொல்ல வந்தே? நான் எதையும் எண்ணலை"ன்னா.

புள்ள ஜன்னல் கீழ நின்னு ஃபைலைத் தூக்கிக் காட்டுச்சு. "தாராபுரத்துல நர்சுப் படிப்புக்கு இடம் கிடைச்சிருச்சும்மா. இன்னைக்கே சேரோணும். எனக்குத் தனியாப் போகப் பயமா இருந்துது. நீயும் கூட வாம்மான்னு சொல்லத்தான் வந்தேன்."

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேனுங்க. ஒன்பது வருசம் என்ற வாய் பேசின பேச்சு ஒவ்வொண்ணும் எனக்குத் திரும்பிக் கேட்டுது. மயிலாத்தா கம்பியில நெத்தியை வெச்சு அழுதா, புள்ள கீழ நின்னு அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுதுது, அதுக்கு இவ எதுக்கு இத்தனை அழுகறான்னு கூடத் தெரியலை. நான் எந்திரிச்சுச் சேலையை உதறிச் செருகிக்கிட்டு பஸ்ஸுல ஏறினேன். "ஒருவர் ஏறினார்"னேன், கண்டக்டருக்கு முன்னாடி நானே. "மயிலு, நீ எறங்கு. நான் உக்காந்திருக்கறேன். அந்தப் புள்ளையக் கூட்டிட்டுத் தாராபுரம் போ."

அன்னைக்கு ஆரம்பிச்சது இந்த முறை. மீதியா ஒருத்தர் இருந்தாப் போதும், அது யாருன்னு கணக்கு கேக்கறதில்லை. டீக்கடைச் சுவத்துல பட்டியல் ஒட்டியிருக்குது, காலைல ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர், தங்கவேலுவுக்கு ஞாயித்துக்கெழமை, பரமேசுக்கு வெள்ளிக்கெழமை. கல்யாணம் காட்சின்னா மாத்திக்குவோம். ஆயுத பூசைக்குப் பஸ்ஸைக் கழுவிச் சந்தனம் வெக்கறோம், போன தையில ஆரனுக்குள்ள சிட்டுக் குருவி கூடு கட்டுச்சு, குஞ்சு பொரிக்கற வரைக்கும் டிரைவர் ஆரனைத் தொடலை. கண்டக்டர் தினம் ஒரு தடவை வந்து எத்தனை பேருன்னு கேப்பாரு, அது அவரு கடமை. நாங்க லாபம்னு சொல்லுவோம். அவரும் அந்த எண் பாடத்துல இல்லீங்கன்னு சொல்லிட்டு மறுபடி டீக்குடிக்கப் போயிருவாரு. பாவம் மரியசூசை சாருதான், விடை தெரிஞ்சும் சொல்லாம இருக்கறது ஒரு வாத்தியாருக்கு எத்தனை கஷ்டம், முதல் மாசம் பூரா வாயில கைக்குட்டையை வெச்சுக்கிட்டே திரிஞ்சாரு. இப்ப அவரும் இட்லியை லாபம், ரெண்டுன்னுதான் எண்ணறாரு.

தாராபுரத்துல பழைய இடம் போயிருந்துது, சாரு அலைஞ்சு திரிஞ்சு வேற இடம் வாங்கிக் கொடுத்தாரு. அப்பச் சர்ட்டிபிகேட்படி இருபத்தி ஏழு, ஆளைப் பாத்தா பதினெட்டு, அந்த வயசுக் கணக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எந்த ஆபீசுலயும் தீரலை. மூணு வருசம் ஆச்சு. இன்னைக்கு அந்தப் புள்ள படிச்சு முடிச்சு ஊருக்கு வருது. தனியா வரக் கூடாதுன்னு மயிலாத்தா நேத்தே போயிட்டா. அதோ, ஆரன் கேக்குதுங்களா, பதினொரு மணி பஸ்ஸு. கண்ணாடிக்குப் பின்னாடி வெள்ளையாத் தெரியறது அவதான், பக்கத்துல அவ ஆத்தா. மூணு வருசமா அந்தப் புள்ள லீவுக்கு வர்றப்ப எல்லாம் நான் அடுப்படியில ஒளிஞ்சுக்குவேன். நான் அன்னைக்குச் சொன்னதை அதுகிட்ட நானே சொல்லி, மன்னிச்சிரு கண்ணுன்னு இன்னைக்குக் கேட்டே ஆகோணும். என்ற முறை சாயங்காலம் வரைக்கும் இருக்குது, ஆளு கிடைக்கலையேன்னு காலைல இருந்து தவிச்சுக்கிட்டு இருந்தேன்.

நல்ல வேளை, நீங்க ஏறினீங்க.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கினா வண்டியில யாரு மிச்சம், நீங்களே சொல்லுங்க. அஞ்சரைக்குச் சாரு வந்துருவாரு, மத்தியானத்துக்கு நான் பாயசத்தோட சோறு கொடுத்தனுப்பறேன், காத்து நல்லா வரும், ஜன்னல் ஓரம். நான் எறங்கறேனுங்க. கண்டக்டர் வந்து உள்ள எத்தனை பேருன்னு கேப்பாரு. உங்க ஊர்ல எப்படிப் படிச்சிருந்தாலும் சரி, வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிராதீங்க. லாபம்னு சொல்லுங்க.